வண்டி ஸ்ட்ராங், வயர் வீக்

ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. மன்னிச்சுக்கங்க மக்களே. இன்னைக்கு ஒரு பழைய காரோட வரலாறு. கார்ல ஆர்வம் இல்லாதவங்களும் படிக்கலாம். கடைசியில நம்ம பொழப்பும் இதுக்குள்ள வருது.

போன மாசம் ஜெர்மனியில பொட்டி தட்டுற நண்பன் ஃபோன் பண்ணினான். "மச்சி, ஒரு சின்ன கார் விலைக்கு 1993 மாடல் பென்ஸ் எஸ் கிளாஸ் வருது. வாங்கலாமா?" மெக்கானிக்கல் படிச்ச பாவத்துக்கு என்கிட்ட கேக்குறான். டிகிரி வாங்கின நாள்ல இருந்து நான் ஸ்பேனரையே தொட்டதில்லைங்கறது வேற விஷயம். "ரெண்டு நாள் டைம் குடு"ன்னு சொல்லிட்டுப் படிக்க உக்காந்தேன். ரெண்டு நாள் ரெண்டு வாரமாச்சு.

சரி, கொசுவத்தியைச் சுத்துவோம்.

1979ல் வந்த எஸ் கிளாஸ் (டபிள்யூ 126) 8 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதுக்கு அடுத்ததா டபிள்யூ 140ஐ உருவாக்கிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு இடி விழுந்தது. 1987ல் பிஎம்டபிள்யூ 12 சிலிண்டர் எஞ்சினோட 750 மாடலை இறக்கினாங்க. 1989ல் ஜப்பான்ல இருந்து லெக்ஸஸ் எல்எஸ் 400 வந்து அமெரிக்கச் சந்தையையே கலக்கிருச்சு. பென்ஸ் இஞ்சினியர்கள் விடுவாங்களா? இருக்கறதை எல்லாம் இந்த ஒரே காருக்குள்ள கொட்டினாங்க.

1991 மார்ச், ஜெனீவா கண்காட்சி. கதவுக் கண்ணாடிகள் ரெட்டை அடுக்கு. கதவை லேசா சாத்தினா போதும், மீதியை அதுவே இழுத்துக்கும். ரிவர்ஸ் கியர் போட்டா பின்பக்க ரெண்டு மூலையிலயும் குச்சி எழுந்து, வண்டி எங்க முடியுதுன்னு காட்டும். 600 மாடல்ல 408 குதிரைத்திறன் வி12 எஞ்சின், எடை 2 டன்னுக்கு மேல். கணக்குப் பிள்ளைகளை அடக்கி வச்சுட்டு இஞ்சினியர்கள் இஷ்டத்துக்குக் கட்டின கடைசி பென்ஸ்னு இதைச் சொல்றவங்க இன்னமும் இருக்காங்க.

நிற்க. இவ்வளவு பெரிய யானையைப் படுக்க வச்சது எது தெரியுமா? வயரைச் சுத்தியிருந்த உறை.

எஞ்சின்ல இருக்கற சென்சார், இன்ஜெக்டர், இக்னிஷன் காயில் எல்லாத்தையும் கம்ப்யூட்டரோட இணைக்கற வயர்க்கட்டுக்கு ஹார்னஸ்னு பேர். 1990களோட முதல் பாதியில பென்ஸ் தன்னோட பல மாடல்கள்ல இந்த வயருக்குப் புது வகை உறையைப் பயன்படுத்தினாங்க. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாம மக்கக்கூடிய பொருளைத் தேடினதுதான் காரணம்னு பரவலா சொல்லப்படுது. எண்ணம் நல்லதுதான். ஆனா குப்பைமேட்டுல மக்க வேண்டியது, பானெட்டுக்குள்ளயே மக்க ஆரம்பிச்சுது.

எஞ்சின் சூட்டுல வருஷக்கணக்கா வெந்து, உறை காஞ்ச அப்பளம் மாதிரி ஆகிடும். கை பட்டாலே பொடிப்பொடியா உதிரும். உள்ள இருக்கற செம்புக் கம்பிகள் ஒண்ணோட ஒண்ணு உரச ஆரம்பிக்கும். அதுக்கப்புறம்தான் வேடிக்கை. ஒரு நாள் ஐடில் ஏறி இறங்கும். ஒரு நாள் ஒரு சிலிண்டர் வேலை செய்யாது. மறுநாள் எல்லாம் சரியா இருக்கும். த்ராட்டிலை இயக்கற மோட்டாருக்குள்ள போற வயரும் பல எஞ்சின்கள்ல இதே ரகம்தான். அது போனா, மிதிக்க மிதிக்க வண்டி ஆமை வேகத்துல ஊரும். ஷார்ட் ஆகி எஞ்சின் கம்ப்யூட்டரே போனதும் உண்டு. வயர்க்கட்டு வெளியே பார்க்க நல்லாவே இருக்கறதால, பிளக், காயில், சென்சார்னு ஒவ்வொண்ணா மாத்தி ஓனர் ஓட்டாண்டி ஆன பிறகுதான் வயர் மேலயே சந்தேகம் வரும்.

மத்த வியாதிகளும் உண்டு. ஏசி எவாப்பரேட்டர் ஒழுகினா டேஷ்போர்டையே கழட்டணும். ஆறு சிலிண்டர் எஞ்சின்ல ஹெட் கேஸ்கெட் வழியா ஆயில் கசியும். கதவை இழுக்கறது, பூட்டறது, குச்சியைத் தூக்கறது எல்லாத்துக்கும் காத்து குடுக்கறது ஒரே பம்புதான். அதோட ரப்பர் குழாய்க்கு வயசாச்சுன்னா எல்லா சொகுசும் சேர்ந்து படுத்துக்கும்.

இப்ப லெக்ஸஸ் பக்கம் பாருங்க. 1989 டிசம்பர். கார் விற்பனைக்கு வந்து சில மாசம்தான் ஆச்சு. வந்த புகார் ரெண்டே ரெண்டு, அதுல ஒண்ணு வயரிங். அதுவரைக்கும் விற்ற சுமார் 8,000 காரையும் திரும்ப அழைச்சு, மூணு வாரத்துக்குள்ள சரி பண்ணிக் குடுத்தாங்க. அவங்களும் அமிர்தம் குடிச்சு வந்தவங்க இல்ல. அந்தக் கார்ல பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகி, கீழ இருக்கற ஆல்டர்னேட்டர் கெடறது ரொம்பப் பிரபலம். ஆனா அந்த வயரிங் கோளாறு உடனே கண்ணுக்குத் தெரிஞ்சுது. பென்ஸோட கோளாறு வெளிய தெரியவே பல வருஷம் ஆச்சு. அதுக்குள்ள முதல் ஓனர் வித்துட்டுப் போயாச்சு, வாரண்டியும் முடிஞ்சாச்சு. பில் கட்டினது ரெண்டாவது, மூணாவது ஆள்.

இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு ப்ராஜெக்ட்ல ரசீது எண்ணுக்கு அஞ்சு இலக்கம் போதும்னு முடிவு பண்ணினது நான்தான். டெஸ்டிங்ல எல்லாம் பச்சை. பாராட்டு மெயில்கூட வந்துச்சு. போன வருஷம் ஒரு ராத்திரி அது 99999ஐத் தாண்டுச்சு. நான் அப்ப வேற ப்ராஜெக்ட்ல இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஆறே மாசம் ஆன ஒரு பொண்ணு விடிய விடிய உக்காந்து சரி பண்ணிட்டு, காலையில திட்டும் வாங்கினா. அந்தக் கோடு எழுதினது நான்தான்னு மேனேஜர்கிட்ட சொல்ல எனக்கு மூணு நாள் ஆச்சு.

நண்பன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன். "ஓட்டிப் பாத்து மயங்காத. ஹார்னஸ் மாத்தியாச்சான்னு கேளு. அதுல தயாரிச்ச தேதி லேபிள் இருக்கும், அதைப் பாரு." போய்ப் பார்த்துட்டு ஃபோன் பண்ணினான். மாத்தியாச்சாம். அதுவும் 2004லயே. மாத்தின ரெண்டாவது ஓனர் அந்த பில்லை கார் புத்தகத்துக்குள்ளயே மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கார். தனக்கு இனிமே உபயோகமே இல்லாத ஒரு காகிதத்தை, அடுத்து வர்ற முகம் தெரியாத ஆளுக்காக.

அன்னைக்கு ராத்திரி என் பழைய கோடைத் திறந்து உக்காந்தேன். "இப்போதைக்கு இது போதும்"னு நான் விட்ட இடம் இன்னும் நாலு இருந்துச்சு. பட்டியல் போட்டு அந்தப் பொண்ணுக்கு அனுப்பினேன்.

டிஸ்கி: நண்பன் காரை வாங்கிட்டானான்னு கேப்பீங்க. எவாப்பரேட்டர் மாத்த எவ்வளவு ஆகும்னு விசாரிச்சான். இப்ப சைக்கிள் பார்த்துக்கிட்டு இருக்கான்.