புள்ளியும் கோடும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தம் கலெக்டர்களிடம் பள்ளிக்கூடங்களின் கணக்கைக் கேட்டார். விருத்தாசலமும் வேப்பூரும் அடங்கிய தென்னார்க்காட்டிலிருந்தும் விடை சென்றது. 1826-இல் மன்றோ தொகுத்துரைத்தபடி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். மாணாக்கர் 1,88,650 பேர். அவருள் சிறுமியர் 4,540 பேரே. திண்ணையில் அமர்ந்து எண்சுவடியை உரக்கப் பாடி, முந்திரியும் காணியும் மாவும் நெட்டுருப் பண்ணியவருள் பெண் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. பெண்ணுக்குக் கணக்கு வாராது என்னும் பேச்சை ஆராயப் புகுவோர் முதலில் எண்ணவேண்டியது இத்தொகையைத்தான்.

அப்பேச்சு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1890-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் பிலிப்பா பாசெட் என்னும் பெண், முதலிடம் பெற்ற ஆடவரையும் விஞ்சிய மதிப்பெண் பெற்றார். ஆயினும் அப்பல்கலைக்கழகம் பெண்டிர்க்கு முழுமையான பட்டம் வழங்கியது 1948-இல்தான். இதற்கிடையே, 1900-இல், ஜெர்மானிய மருத்துவர் மோபியஸ் பெண்ணறிவு இயல்பிலேயே குறைந்தது என்று நூல் எழுதினார். பத்தாண்டு முந்திய கேம்பிரிட்ஜ்ச் செய்தி அவர் செவிக்கு எட்டவில்லை போலும்!

பின்னாளில் வழக்கு புள்ளிவிவர உடை பூண்டது. 13 வயதுக்குட்பட்ட அமெரிக்கச் சிறாருள் மிக உயர்ந்த கணித மதிப்பெண் பெற்றோரில் பெண் ஒருத்திக்கு ஆண் 13 பேர் என்று 1983-இல் பென்போவும் ஸ்டான்லியும் அறிவித்தனர். முப்பதாண்டுக்குள் அவ்விகிதம் நான்குக்கும் கீழே இறங்கியது. பிறவிக் குணம் ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு இளகுமா? 2005-இல் ஹார்வர்டு தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் இவ்வழக்கைப் புதுப்பித்துப் பெருங்கண்டனத்துக்கு ஆளானார். அவர் பேசியது சராசரி பற்றியன்று, உச்சியில் நிற்பார் பற்றி என்பதைச் சொல்லிவிடுதல் நேர்மை. மனத்துள் ஓர் உருவைச் சுழற்றிக் காணும் தேர்வில் ஆடவர் சராசரி இன்றும் உயர்ந்தே நிற்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் உருவை மனத்துள் சுழற்றும் கலை நம் தெருக்களில் எவர் கையில் இருந்தது? வேப்பூர் வாசலிலும் மயிலாப்பூர் வாசலிலும் விடியுமுன் குனிந்து புள்ளி வைத்தவர் கையில்தானே! கம்பிக் கோலத்தில் வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசைப் புள்ளி வைத்து, இடையில் எங்கும் வெட்டாமல் பாய்போல் பின்னினால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஒரே இழை கிடைக்கும். நாலுக்கு நாலு வைத்தாலோ நான்கு தனி இழைகள். இழைகளின் எண்ணிக்கை அவ்விரு எண்களின் மீப்பெரு பொதுவகுத்தி. பெயர் அறியாமலே விதியைக் கையாண்டனர், எண்சுவடி மறுக்கப்பட்ட அப்பெண்கள். கணிப்பொறி இயலார் இதைக் கண்டுகொண்டது 1974-இல். கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் கோலத்தின் இலக்கணத்தை முறைமொழிகளின் கோட்பாட்டில் வைத்து எழுதினர். மூவருள் இருவர் பெண்கள்.

அடுத்த ஈராண்டில், 1976-இல், தமிழகத்தில் பிறந்து சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் பயின்ற இராமன் பரிமளா, இயற்கணிதத்தில் செர்ரின் ஊகத்தை ஒத்த கூற்று இருபடி வடிவங்களுக்குப் பொருந்தாது என்று எடுத்துக்காட்டோடு நிறுவினார். 1987-இல் பட்நாகர் பரிசு அவரை வந்தடைந்தது. 2010-இல் ஐதராபாத்தில் உலகக் கணிதப் பேரவை கூடியபோது பொது அமர்வில் உரை நிகழ்த்தியவருள் அவரும் ஒருவர்.