கிளிமஞ்சாரோவில் ஒரு தம்ளர் காப்பி

தஞ்சை ஜில்லாக்காரன் காப்பியைப் பற்றிப் பேசினால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். ஆனால் 12,000 அடி உயரத்தில், காதைத் துளைக்கும் காற்றில் நான் குடித்த காப்பிக்கு ஈடாகக் கும்பகோணத்தில்கூட ஒன்று கிடைத்ததில்லை என்று சொன்னால் ஊரார் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

மலை, தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ. உயரம் 19,341 அடி. மராங்கு கிராமத்திலிருந்து ஏறினால் முதல் நாள் முழுவதும் காடு. மறுநாள் மரங்கள் குட்டையாகிப் புதராகிவிடுகின்றன. "பொலே, பொலே" என்று சொல்லிக்கொண்டே வழிகாட்டி முன்னால் போனார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அறுபதை நெருங்கியவர், எனக்குத்தான் மூச்சு வாங்கிற்று. இரண்டாம் நாள் மாலை ஹொரொம்போ குடிசைகளை அடைந்தபோது தலைவலி மண்டையைப் பிளந்தது. சமையற்காரர் வெந்நீரும் டப்பாப் பொடியும் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

வழிகாட்டி அதைப் பார்த்தார். போய்த் தம் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துவந்தார். அவர் வீட்டுக் கொட்டை. வறுத்து உரலில் இடித்தது. கொதிக்கவிட்டு, மண்டி அடியில் தங்கும்வரை காத்திருந்து, தெளிவை ஊற்றினார். பால் கிடையாது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நாக்குச் சுட்டால்தான் காப்பி என்பவர்களுக்கு ஏமாற்றந்தான். எனக்கு அது குறையாகப் படவில்லை. கசப்புக்குள்ளே பழத்தின் புளிப்பு லேசாக எட்டிப் பார்த்தது.

"வீட்டில் தினமும் இதுதானா?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா, டீதான். காப்பி விற்பதற்கு" என்று சிரித்தார். "இதை நடுவதற்கு எங்கள் தாத்தா வெள்ளைக்காரர்களோடு சண்டை போட்டார்."

அது வெறும் வீட்டுப் பெருமை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கத்தோலிக்கப் பாதிரிமார் இந்தச் சரிவுகளில் காப்பி நட்டார்கள். ஜெர்மானியர் ஆட்சியில் அது பெரும்பாலும் வெள்ளையர் தோட்டப் பயிர். முதல் உலக யுத்தத்துக்குப் பின் பிரிட்டிஷார் வந்தார்கள். சார்லஸ் டண்டாஸ் என்ற அதிகாரி, மலையடிவாரத்துச் சக்கா மக்களையும் காப்பி பயிரிடும்படி ஊக்கினார். புதிதாக நிலம்கூட வேண்டியிருக்கவில்லை. கிஹம்பா என்னும் வீட்டுத் தோட்டத்தில் வாழை நிழல் ஏற்கனவே இருந்தது. மலை ஓடைகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக அவர்களே வெட்டிக் காத்துவந்த வாய்க்கால்களில் தண்ணீரும் இருந்தது. அந்த வாய்க்கால்களின் வாட்டத்தைப் பார்த்தால் காவேரிக் கரைக்காரனும் தலையாட்டுவான்.

தோட்டத் துரைமார்கள் ஆட்சேபித்தார்கள். சக்காக்காரன் செடியில் பூச்சி விழும், அது எங்கள் தோட்டத்துக்குப் பரவும், காய் திருட்டுப்போகும் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். மனத்திலிருந்த கவலை வேறு. சொந்தக் காப்பி வைத்திருப்பவன் கூலிக்கு ஏன் வருவான்? பக்கத்துக் கென்யாவில் துரைமார்களின் பேச்சுத்தான் எடுபட்டது. அங்கே ஆப்பிரிக்கர்கள் வெகுகாலம் காப்பியைத் தொட முடியவில்லை. கிளிமஞ்சாரோக்காரர்கள் 1925-இல் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். செடிகளுக்கு வந்த ஆபத்தை அது தடுத்து நின்றது. 1933-இல் அதனிடத்தில் கூட்டுறவு யூனியன் பிறந்தது. மோஷி நகரில் இன்றும் அதன் கட்டடம் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், துரைமார்களிடம் தப்பிய அந்த யூனியனைச் சொந்த சர்க்காரே 1976-இல் கலைத்தது. 1980-களில் மீண்டும் உயிர் கொடுத்தது. சர்க்கார் என்றால் எங்கும் சர்க்கார்தான்.

கொடுமுடிக்கும் ஒரு கதை உண்டு. 1889-இல் அதில் முதலில் ஏறிய ஹான்ஸ் மேயர், தம் நாட்டுக் கெய்ஸரின் பெயரை அதற்குச் சூட்டினார். 1961-இல் நாடு விடுதலை பெற்றபோது அது உஹுரு ஆயிற்று. ஸ்வாஹிலியில் சுதந்திரம் என்று பொருள். அந்தக் கொடுமுடியை நான் பார்க்கவில்லை. கிபோ குடிசையோடு என் கால்கள் ராஜிநாமா செய்துவிட்டன.

இறங்கியதும் வழிகாட்டி தம் தோட்டத்தைக் காட்டினார். வாழைக்கு அடியில், தாத்தா நட்ட இடத்தில், காய் சிவந்திருந்தது. இரண்டு கிலோ கொட்டை கேட்டேன். அவர் மனைவி நிறுத்துக் கொடுத்தார். நான்கு நாள் பழகிய உரிமையில் பேரம் பேசிப் பார்த்தேன். அந்த அம்மாள் ஒரு ஷில்லிங்கூடக் குறைக்கவில்லை.