கலகெதரக் கணவாயும் எண்ணெய் வடிகட்டியும்



குருநாகலிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருஞ்சாலை, சமவெளியை விட்டு மலையேறத் தொடங்கும் பகுதியில் அமைந்துள்ளது கலகெதர. கண்டி மாநகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூர் தும்பனைப் பகுதியைச் சேர்ந்தது. தேங்காயும் மரக்கறியும் செங்கல்லும் மணலும் ஏற்றிய பிக்கப் வண்டிகள் நாள்தோறும் இவ்வேற்றத்தில் மூச்சுவாங்கி ஏறுவதைக் காணலாம். அவ்வண்டிகள் ஒவ்வொன்றின் எஞ்சினிலும், கையடக்கமான ஒரு தகரக் குவளை பொருத்தப்பட்டிருக்கும். ஒயில் பில்டர் என்று கராஜுகளில் வழங்கும் எண்ணெய் வடிகட்டியே அது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இன்றைய தேருக்கு இக்குவளையும் ஓர் அச்சாணியே. நல்ல வடிகட்டி எது என்று எவ்வாறு தெரிந்துகொள்வது? இக்கேள்விக்கு விடைகாண, இதே கலகெதரவின் பழைய வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

கண்டி இராச்சியத்துக்கு மதில்கள் இருக்கவில்லை. மலையும் காடுமே அதற்கு மதில்கள். அம்மதிலில் இயற்கை விட்டுவைத்த வாயில்களே கணவாய்கள். 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலிலே இவ்வாயில்களின் காவலை விவரித்திருக்கிறார். முட்களால் முடைந்த கதவுகள் வழியை மறித்து நிற்கும். ஆள் வரும்போது அவற்றை மேலே தூக்கி வழிவிடுவார்கள். வழிச்செல்வோர் அரசவையிலிருந்து பெற்ற களிமண் முத்திரையைக் காட்ட வேண்டும். போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி ஏந்திய மனிதனின் உருவம். கூலியாளுக்குக் காவடித் தண்டில் இரு பொதி சுமக்கும் மனிதனின் உருவம். வெள்ளையனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியுமுள்ள மனிதனின் உருவம். இவ்வாறு ஆளுக்கேற்ற முத்திரை இருந்தது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வாயிலை முற்றாக மூடிவிடுவது எளிது. ஆனால் அப்படி மூடினால் உப்பும் வராது, துணியும் வராது; நாடு வாடும். வாயிலைத் திறந்தே விட்டாலோ பகைவன் நுழைவான். வரவேண்டியதை வரவிட்டு, தடுக்க வேண்டியதைத் தடுப்பதே காவலின் கலை. எண்ணெய் வடிகட்டிக்கும் இதுவே தொழில். அது ஒரே வேளையில் இரண்டு கடமைகளைச் செய்ய வேண்டும்: அழுக்கைப் பிடிக்க வேண்டும், எண்ணெயைத் தடையின்றி விடவும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்யும் வடிகட்டியால் பயனில்லை.

எஞ்சினுள்ளே நிகழ்வதைச் சற்றுப் பார்ப்போம். சுழல்தண்டும் அதைத் தாங்கும் பெயாரிங்குகளும் ஒன்றையொன்று தொடாமல், நடுவே பரவிய மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீதே ஓடுகின்றன. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்புடையது. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த எண்ணெய்ப் படலமோ மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியது. ஆகவே கண்ணுக்குப் புலப்படும் மணலைவிட, கண்ணுக்குப் புலப்படாத 5 முதல் 20 மைக்ரோன் வரையான துகளே கொடிது. படலத்துக்குள் புகுந்து, இரு பக்கத்து உலோகத்தையும் அராவிவிடும் பருமன் அதற்கு உண்டு. சாலைப் புழுதியிலுள்ள சிலிக்காத் துகள் காற்றோடு உட்புகுந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலக்கிறது. தேய்ந்த உலோகத்தின் பொடியும் எரிபொருளின் கரியும் அதனோடு சேர்கின்றன.

மோட்டார் வண்டியின் இளமைக் காலத்தில் இதற்கு ஒரு காவலும் இருக்கவில்லை. 1908 முதல் 1927 வரை இலட்சக்கணக்கில் உற்பத்தியான போர்ட் 'டி' மொடலில் எண்ணெய் வடிகட்டியும் இல்லை. எண்ணெய்ப் பம்புங்கூட இல்லை. சுழலும் உறுப்புகள் வாரி இறைத்த எண்ணெயாலேயே எஞ்சின் நனைந்தது. ஆகவே எண்ணெயை மிகக் குறுகிய தூரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியிருந்தது. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எர்னஸ்ட் சுவீட்லண்ட், ஜோர்ஜ் கிரீன்வுட் என்னும் இருவர் மோட்டார் எஞ்சினுக்கென ஒரு வடிகட்டியை உருவாக்கினர். 'தூய எண்ணெய் பிறகு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி, 'பியூரோலேட்டர்' என்று அதற்குப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டு, 1924இல், வெளிவந்த கிறைஸ்லர் வண்டி, பெருந்தொகையாக உற்பத்தியான வண்டிகளுள் எண்ணெய் வடிகட்டியோடு வந்த முன்னோடியாயிற்று.

அக்காலத்து வடிகட்டிகள் எண்ணெய் முழுவதையும் வடிகட்டவில்லை. பம்பிலிருந்து வரும் எண்ணெயில் ஒரு சிறு பகுதி மட்டும் பக்கவழியாக வடிகட்டிக்குச் சென்று திரும்பியது; எஞ்சியது அப்படியே பெயாரிங்குகளை அடைந்தது. பத்துப் பேர் வரும்போது ஒருவரை மட்டும் சோதித்த காவல் அது. எண்ணெய் முழுவதும் வடிகட்டியினூடாகவே சென்று பெயாரிங்கை அடையும் முறை 1940களில் தோன்றி, இரண்டாம் உலகப் போரின் பின்னர் பரவியது. பிசின் ஊட்டி மடித்த தாளே வடிதாளாயிற்று. 1950களில், கையால் திருகிப் பூட்டிப் பின்னர் கழற்றி எறியும் தகரக் குவளை வந்தது. இன்று கலகெதரக் கராஜில் நாம் காண்பதும் அதன் வழித்தோன்றலே.

எண்ணெய் முழுவதையும் ஒரே வாயிலால் விடத் தொடங்கியதும் புதிய ஆபத்தொன்று பிறந்தது. வாயில் அடைபட்டால் என்ன நேரும்? எண்ணெயின்றி எஞ்சின் சில நிமிடங்களிலே இறுகிவிடும். இதனாலேயே மாற்றுவழி வால்வு அமைக்கப்பட்டது. தாள் அடைபட்டாலோ, குளிரில் எண்ணெய் தடித்திருந்தாலோ, அழுத்தம் உயர்ந்து இவ்வால்வு திறக்கும். அழுக்கான எண்ணெயாயினும் எண்ணெய் செல்லட்டும் என்பதே இதன் நியாயம். ஆனால் வால்வின் வில் நலிந்திருந்தால் அது வேண்டாத வேளையிலும் திறந்துகொள்ளும். காவலன் உறங்க, வாயில் திறந்து கிடக்கும் நிலை அது. வண்டி ஓட்டுபவருக்கோ ஒன்றும் தெரியாது. எச்சரிக்கை விளக்கும் எரியாது.

மற்றொரு வால்வும் உண்டு. எஞ்சினை நிறுத்தியபின் வடிகட்டியிலுள்ள எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் இறப்பர்த் தட்டு அது. அது பழுதானால், காலையில் வண்டியை இயக்கும்போது எண்ணெய் பெயாரிங்கை அடையுமுன் சில கணங்கள் உலோகம் உலோகத்தோடு உராயும். கடகடவென்ற ஓசை கேட்கும். வெப்பத்தால் விரைவில் விறைத்துப்போகாத சிலிக்கோன் இறப்பர் இதற்குச் சிறந்தது.

காவலின் தரத்தை அளந்தறியும் வழியையும் பின்வந்தோர் கண்டனர். 40 மைக்ரோன் அளவில் வடிக்கும் வடிகட்டியோடு ஒப்பிட, 30 மைக்ரோன் அளவில் வடிப்பது எஞ்சின் தேய்வைப் பாதியாகவும், 15 மைக்ரோன் அளவில் வடிப்பது அதனை 70 சதவீதத்தாலும் குறைத்ததாக 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. சர்வதேசத் தர நிறுவனம் 4548 என்னும் இலக்கமுடைய தரத்தின் பன்னிரண்டாம் பகுதியில் ஒரு சோதனையை வகுத்துள்ளது. அளந்த தூசியை எண்ணெயில் இடைவிடாது கலந்து, வடிகட்டியினூடாக மீண்டும் மீண்டும் செலுத்தி, முன்னும் பின்னும் உள்ள துகள்களை எண்ணுவதே அச்சோதனை. குறித்த பருமனுள்ள நூறு துகள்களுள் ஐந்தை மட்டும் விட்டால் அதன் விகிதம் 20. ஒன்றை மட்டும் விட்டால் 100. எனவே '20 மைக்ரோன் வடிகட்டி' என்று மட்டும் ஒருவர் சொன்னால் அது அரைச் செய்தியே. அப்பருமனில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கும் என்று சொன்னாற்றான் செய்தி முழுமைபெறும்.

இனி, கடைக்குச் செல்லும் நேயர் செய்யவேண்டியது என்ன? முதலாவது, வண்டியின் கைந்நூலில் குறித்துள்ள வடிகட்டி இலக்கத்தை எழுதிக்கொண்டு செல்லுதல் வேண்டும். புரி பொருந்தி இறுகப் பூட்டிவிட்டது என்பதால் மட்டும் ஒரு வடிகட்டி உமது எஞ்சினுக்கு உரியதாகிவிடாது. வெளித்தோற்றம் ஒன்றாயிருந்தும், வால்வு திறக்கும் அழுத்தம் வேறாயிருக்கலாம். இரண்டாவது, வாய்ப்புறத் துளைகளினூடாகப் பார்த்து, விரலாலும் தொட்டு, இறப்பர்த் தட்டு நெகிழ்வாக உள்ளதா, முத்திரை வளையம் சீராக அமர்ந்துள்ளதா, புரியில் உலோகப் பிசிறு உள்ளதா என்று நோக்க வேண்டும். மூன்றாவது, பெட்டியின் அழகில் மயங்கலாகாது. களிமண் முத்திரையைப் போலியாகச் செய்ய முடியுமானால், அச்சிட்ட பெட்டியைப் போலியாகச் செய்வதோ மிக எளிது. அறிமுகமான கடையில் வாங்கிப் பற்றுச்சீட்டுக் கேட்க வேண்டும். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வணிகரின் கடமையாகும். நான்காவது, கழற்றிய பழைய வடிகட்டியை எறியுமுன் வெட்டித் திறக்கச்செய்து பாருங்கள். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தாலோ, தாள் ஓரத்தில் பிரிந்திருந்தாலோ, அந்தக் காவலன் தன் கடமையைச் செய்யவில்லை. தாளிலே பளபளக்கும் உலோகப் பொடி மிகுந்திருந்தால், பழுது எஞ்சினுள்ளே தொடங்கிவிட்டது என்று பொருள்.

இவ்வளவு கவலை ஏன் என்று சிலர் கேட்கலாம். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பெரும்பாலும் நீடித்த அத்தடையின்போது, வண்டி பழுதானால் புதியதொன்றை வாங்கும் வழி அடைபட்டது. இருந்த வண்டிகளின் விலையோ ஏறியது. ஒரேயொரு பிக்கப்பை நம்பி வாழும் குடும்பத்துக்கு எஞ்சின் இறுகுவதென்பது இயந்திரக் கோளாறு மட்டுமன்று. பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அடுப்பெரிவதும் அதனோடு நின்றுவிடும். எஞ்சினைப் பிரித்துத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால், நல்ல வடிகட்டிக்கும் மலிந்த வடிகட்டிக்கும் உள்ள விலை வேறுபாடு மிக அற்பமானது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 1803 பெப்ரவரியில், கொழும்பிலிருந்து வந்த ஜெனரல் மக்டவலின் படை கலகெதரக் கணவாயின் காவலரணைக் கைப்பற்றிக் கண்டி நகரை அடைந்தது. ஆனால் அரசனும் மக்களும் நகரை வெறிதாக்கி விலகியிருந்தனர். ஜூன் மாதத்தில் அங்கிருந்த ஆங்கிலக் காவற்படை அழிந்தது. இராச்சியம் 1815 வரை நிலைத்தது. வாயிற்காவல் ஒன்றையே நம்பியிருந்தால் அது 1803இலேயே முடிந்திருக்கும். அவ்வாறே வடிகட்டி ஒன்றினால் மட்டும் எஞ்சின் பிழைக்காது. டீசல் எண்ணெயைக் கறுப்பாக்கும் கரித்துகள்களுட் பெரும்பாலானவை ஒரு மைக்ரோனிலும் சிறியவை. அவற்றை எவ்வளவு சிறந்த தாளும் பிடிக்காது. எண்ணெயில் ஊறும் அமிலத்தையும் அது பிடிக்காது. உரிய தூரத்தில் எண்ணெயை மாற்றுவதும், அவ்வேளையிலேயே வடிகட்டியையும் மாற்றுவதும், காற்று வடிகட்டியைப் பேணுவதும் ஒருங்கே செய்யவேண்டியவை. விலையுயர்ந்த வடிகட்டியைப் பூட்டிவிட்டோம் என்று எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப்போடுபவர், முட்கதவை நம்பி உறங்கியவராவார்.

முட்கதவுகள் மறைந்துவிட்டன. களிமண் முத்திரை கேட்பாரும் இன்று இல்லை. ஆனால் கலகெதர ஏற்றத்தில் ஏறும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சிறிய வாயிலும் ஒரு சிறிய காவலனும் உண்டு. அந்தக் காவலனைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அரசனிடத்தில் இல்லை. வண்டிச் சொந்தக்காரராகிய உம்மிடத்திலேயே இருக்கிறது.