அனைத்துத் தரை ஊர்தியின் பின்புறச் சரக்குத் தட்டு

அனைத்துத் தரை ஊர்தியின் பின்புறச் சரக்குத் தட்டு என்பது, ஏடிவி அல்லது குவாட் என்று அழைக்கப்படும் நான்கு சக்கர ஊர்தியில், இருக்கைக்குப் பின்னால் பின் சக்கரங்களுக்கு மேலே அமைந்துள்ள குழாய்ச் சட்டம் ஆகும். மிதிவண்டியின் கேரியரை ஒத்த இத்தட்டின் மீது பெட்டி, பை, கூடை, தெளிப்பான் தொட்டி போன்ற சரக்குக் கலன்கள் பொருத்தப்படுகின்றன. வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பண்ணைகளிலும் வேட்டைக் காடுகளிலும் இவ்வூர்திகள் பெருமளவில் பயன்படுகின்றன.

ஏடிவி, காரைப் போல அகன்றதும் தாழ்ந்ததுமான ஊர்தி அன்று. அதன் எடை பெரும்பாலும் 250 முதல் 400 கிலோகிராம் வரை மட்டுமே இருக்கும். எனவே பின் தட்டில் ஏற்றப்படும் ஒவ்வொரு கிலோகிராமும் ஊர்தியின் சமநிலையை மாற்றுகின்றது. சரக்குக் கலனைத் தேர்வு செய்யும்போது அதன் கொள்ளளவைக் காட்டிலும், ஏற்றப்படும் எடை எவ்வளவு, அது எவ்வளவு உயரத்தில், எவ்வளவு பின்னால் அமைகின்றது என்பவையே முதன்மையானவை ஆகும்.

வரலாறு

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1970ஆம் ஆண்டில் மூன்று சக்கர ஏடிவியை அமெரிக்கச் சந்தையில் அறிமுகப்படுத்தியது. இது தொடக்கத்தில் பொழுதுபோக்கு ஊர்தியாகவே விளங்கியது. 1982இல் அதே நிறுவனம் வெளியிட்ட பிக் ரெட் என்னும் மாதிரி, பொருள் ஏற்றும் தட்டுகளுடன் பண்ணை வேலைகளுக்கென வடிவமைக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் சுசூகி நிறுவனம் நான்கு சக்கர ஏடிவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1986இல் நான்கு சக்கரங்களும் இயக்கம் பெறும் ஹோண்டா ஃபோர்டிராக்ஸ் 350 வெளிவந்தது. இதன் பின்னர் முன்னும் பின்னும் தட்டுகளைக் கொண்ட பயன்பாட்டு வகை ஊர்திகள் பரவலாயின.

எளிதில் கவிழும் தன்மை கொண்டிருந்த மூன்று சக்கர ஏடிவிகளின் விற்பனை, அரசுடன் உற்பத்தியாளர்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1988இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது.

அமைப்பு

பின் தட்டு இரு வகைப்படும்.

எஃகுக் குழாய்த் தட்டு: உருண்டைக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்துச் செய்யப்படுவது. இதன் மீது எந்த நிறுவனத்தின் கலனையும் யு வடிவ போல்ட்டுகளால் பொருத்த இயலும். குழாயின் விட்டத்திற்கு ஏற்ற போல்ட்டைத் தெரிவு செய்தல் வேண்டும்.

கலப்புப் பிளாஸ்டிக் தட்டு: வலுவூட்டப்பட்ட பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்ட தட்டையான பரப்பு. இதில் உள்ள துளைகளில் திருகிப் பூட்டும் சிறப்புக் கொக்கிகள் பயன்படுத்தப்படுகின்றன. போலாரிஸ் நிறுவனத்தின் லாக் அண்ட் ரைடு, கேன்-ஆம் நிறுவனத்தின் லிங்க் ஆகியவை இத்தகைய முறைகள் ஆகும். கருவிகள் இன்றி விரைவில் கழற்றி மாட்ட முடிவது இவற்றின் சிறப்பு. ஒரு நிறுவனத்தின் பூட்டு மற்றொன்றின் தட்டில் பொருந்தாது என்பது குறைபாடு.

பயன்பாட்டு வகை ஏடிவிகளில் முன் தட்டின் தாங்கு எடை பெரும்பாலும் 30 முதல் 55 கிலோகிராம் வரையும், பின் தட்டின் தாங்கு எடை 60 முதல் 110 கிலோகிராம் வரையும் குறிக்கப்பட்டிருக்கும். சரியான அளவு தட்டின் அருகே ஒட்டப்பட்டுள்ள எச்சரிக்கைத் தாளிலும் உரிமையாளர் கையேட்டிலும் காணப்படும். இந்த அளவைப் பொருத்தவரை மூன்று செய்திகளை அறிதல் வேண்டும்.

1. கலனின் சொந்த எடையும் தாங்கு எடையில் அடங்கும். 60 கிலோகிராம் தாங்கும் தட்டில் 15 கிலோகிராம் எடையுள்ள பெட்டியைப் பொருத்தினால், பொருள்களுக்கு எஞ்சுவது 45 கிலோகிராம் மட்டுமே.

2. இழுவண்டியை மாட்டினால் அதன் இணைப்புக் கம்பி கீழ்நோக்கித் தரும் எடையையும் பின் தட்டின் சுமையோடு சேர்த்துக் கணக்கிடுமாறு பல கையேடுகள் கூறுகின்றன.

3. ஓட்டுநர், சரக்கு, துணைக்கருவிகள் ஆகிய அனைத்திற்கும் சேர்த்து ஊர்திக்கு ஒரு மொத்த வரம்பு உண்டு. ஓட்டுநர் பருமனானவராக இருந்தால், தட்டின் வரம்பை எட்டுவதற்கு முன்பே மொத்த வரம்பு எட்டப்படலாம்.

எடையும் நிலைத்தன்மையும்

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே வரையப்படும் செங்குத்துக் கோடு, அப்பொருள் தரையைத் தொடும் பரப்பிற்குள் விழும்வரை அது கவிழாது. மேட்டில் ஏறும் ஏடிவியில் இக்கோடு பின் சக்கரத்தை நோக்கி நகர்கின்றது. அது பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தைக் கடந்தால் ஊர்தி பின்புறமாகப் புரண்டு ஓட்டுநர் மீது விழும்.

இதனைப் பின்வரும் எடுத்துக்காட்டுக் கணக்கு விளக்குகின்றது. இதில் உள்ள அளவுகள் விளக்கத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. குறிப்பிட்ட மாதிரி எதையும் சார்ந்தவை அல்ல. எல்லாத் தூரங்களும் பின் அச்சிலிருந்து முன்னோக்கியும், எல்லா உயரங்களும் தரையிலிருந்தும் அளக்கப்படுகின்றன.

ஊர்தி: 300 கிலோகிராம், தூரம் 0.60 மீட்டர், உயரம் 0.50 மீட்டர்
ஓட்டுநர்: 80 கிலோகிராம், தூரம் 0.45 மீட்டர், உயரம் 1.00 மீட்டர்
பின் தட்டுச் சுமை: 60 கிலோகிராம், அச்சுக்குப் பின்னால் 0.15 மீட்டர், உயரம் 1.05 மீட்டர்

சுமை இல்லாதபோது கூட்டு ஈர்ப்பு மையம் பின் அச்சிலிருந்து 0.57 மீட்டர் முன்னாலும், 0.61 மீட்டர் உயரத்திலும் அமைகின்றது. நின்ற நிலையில் அது பின்புறம் கவிழும் சரிவு ஏறத்தாழ 43 பாகை ஆகும். 60 கிலோகிராம் சுமையைப் பின் தட்டில் ஏற்றிய பின்னர் ஈர்ப்பு மையம் 0.47 மீட்டருக்குப் பின்வாங்கி, 0.67 மீட்டருக்கு உயர்கின்றது. கவிழும் சரிவு 35 பாகையாகக் குறைகின்றது. அதாவது 8 பாகை இழக்கப்படுகின்றது.

அதே 60 கிலோகிராமில் 20 கிலோகிராமை, பின் அச்சிலிருந்து 1.30 மீட்டர் முன்னால், 0.95 மீட்டர் உயரத்தில் உள்ள முன் தட்டுக்கு மாற்றினால், கவிழும் சரிவு மீண்டும் 39 பாகையாக உயர்கின்றது. ஒரு பொருளையும் குறைக்காமல், இடத்தை மாற்றியதனால் மட்டுமே பாதி இழப்பு ஈடு செய்யப்படுகின்றது.

இவை ஊர்தி அசையாமல் நிற்கும் நிலைக்கான அளவுகள் ஆகும். ஏறும்போது திடீரென வேகத்தைக் கூட்டுதல், சக்கரம் கல்லின் மீது ஏறுதல் ஆகியவற்றால் இதைவிடக் குறைந்த சரிவிலேயே ஊர்தி கவிழக்கூடும். பின் சுமை மிகும்போது, மொத்த எடையில் முன் சக்கரங்கள் தாங்கும் பங்கு குறைவதால், கைப்பிடியைத் திருப்பினாலும் ஊர்தி நேராகவே செல்ல முற்படும். ஈர்ப்பு மையம் உயர்வதால் பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பும் கூடுகின்றது.

சரக்குக் கலன்களின் வகைகள்

கடினப் பெட்டி: பெரும்பாலும் பாலிஎத்திலீனால் சுழல் வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றது. வீட்டு மொட்டை மாடிகளில் காணப்படும் கருப்பு நீர்த்தொட்டிகளும் இம்முறையில் செய்யப்படுபவையே. மழை, சேறு, தூசி ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பும் பூட்டு வசதியும் இதன் நன்மைகள். எடை மிகுதியும், வெறுமையாக இருக்கும்போதும் இடத்தை அடைத்துக்கொள்வதும் குறைகள்.

துணிப்பை: தடித்த நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியால் ஆனது. எடை குறைவு, தேவையற்றபோது கழற்றி மடித்து வைக்கலாம். தையல் வழியே நீர் கசிவதும், முட்செடிகளில் கிழிவதும், பூட்ட இயலாமையும் குறைகள். பக்கவாட்டில் தொங்கும் பைகள் புகைபோக்கியின் வெப்பத்தால் உருகக்கூடும்.

கம்பிக் கூடை: எஃகுக் கம்பி அல்லது வலையால் ஆன திறந்த அமைப்பு. விறகு, வேலிக் கம்பங்கள், மரம் அறுக்கும் இயந்திரம் போன்ற அழுக்கான, ஒழுங்கற்ற பொருள்களுக்கு ஏற்றது. சேறும் நீரும் தங்குவதில்லை. சிறு பொருள்கள் நழுவி விழும்.

தெளிப்பான் தொட்டி: களைக்கொல்லி தெளிக்கப் பயன்படுவது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பதால் 100 லிட்டர் தொட்டி நிரம்பினால் நீர் மட்டுமே 100 கிலோகிராம் ஆகும். பல ஊர்திகளின் பின் தட்டு வரம்பை இது மீறுகின்றது. பாதி நிரம்பிய தொட்டியில் நீர் அலைந்து, ஊர்தி சாயும் பக்கமே ஓடிச் சேர்வதால் கவிழும் வாய்ப்பு மிகுகின்றது. எனவே உள்ளே தடுப்புகள் கொண்ட தொட்டியே தேர்வுக்கு உரியது.

தேர்வு செய்யும் முறை

கலனை வாங்குமுன் பின்வருவனவற்றை வரிசையாகச் சரிபார்த்தல் நன்று.

முதலில், ஏற்றப்போகும் பொருள்களை நிறுத்து அவற்றின் எடையை அறிதல் வேண்டும். பெரிய பெட்டி வாங்கினால் அது நிரப்பப்படும் என்பது இயல்பு. ஆகவே எடை வரம்பிற்குள் நிற்கும் சிறிய பெட்டி, வரம்பை மீறத் தூண்டும் பெரிய பெட்டியைவிடச் சிறந்தது.

இரண்டாவதாக, உயரமும் நீட்டமும். ஒரே கொள்ளளவுள்ள இரு பெட்டிகளில் அகன்று தாழ்ந்ததே ஏற்றது. தட்டைத் தாண்டிப் பின்னால் நீளும் பெட்டி, சுமையைப் பின் அச்சிலிருந்து மேலும் தொலைவில் வைக்கின்றது. கனமான பொருள்கள் பெட்டியின் அடியிலும் முன்பக்கத்திலும், இடமும் வலமும் சமமாகவும் வைக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, ஓட்டுநரின் இடம். இறக்கத்தில் ஓட்டுநர் தம் உடலைப் பின்னோக்கி நகர்த்திச் சமநிலை காக்கின்றார். இருக்கையின் மீது நீண்டு வரும் பெட்டி இதற்குத் தடையாகும். பல மாதிரிகளில் காற்று வடிகட்டியையும் மின்கலத்தையும் அணுக இருக்கையைக் கழற்ற வேண்டியிருப்பதால், பெட்டி அதற்கும் இடம் விடவேண்டும்.

நான்காவதாக, பின் விளக்குகளும் எதிரொளிப்பான்களும் மறைக்கப்படாமலும், கலன் புகைபோக்கியைத் தொடாமலும் இருத்தல் வேண்டும்.

கட்டும் முறை

பெட்டியைத் தட்டுடன் இணைக்கப் போல்ட்டுகளே சிறந்தவை. தளர்வான சரக்கை இறுக்கப் பற்சக்கரப் பூட்டுள்ள நாடாக்கள் ஏற்றவை. ரப்பர் கொக்கிக் கயிறு நீளும் தன்மையுடையது என்பதால் கனமான சுமையைக் குலுங்காமல் பிடித்துவைக்காது; இழுத்த நிலையில் கொக்கி நழுவினால் கண்ணைக் காயப்படுத்தும். நாடாவின் தொங்கும் முனை சக்கரத்திலோ அச்சிலோ சிக்காதவாறு முடியப்பட வேண்டும். குலுக்கலால் போல்ட்டுகள் தளர்வதால், பொருத்திய முதல் சில பயணங்களுக்குப் பின்னர் அவற்றை மீண்டும் இறுக்குதல் அவசியம்.

பெட்ரோல் கேன்களைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தபடியே நிரப்புதல் கூடாது. நிலைமின் பொறியால் தீப்பற்றும் இடர் இருப்பதால், கேனைத் தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும். சுமை ஏற்றிய பின்னர் டயரின் காற்றழுத்தத்தையும் பின் சுருள்வில்லின் இறுக்கத்தையும் கையேட்டில் கூறியவாறு மாற்றி, வேகத்தைக் குறைத்து ஓட்டுதல் வேண்டும்.

தட்டில் ஆட்களை ஏற்றுதல்

சில கடினப் பெட்டிகள் சாய்ந்துகொள்ளும் மெத்தையுடன் விற்கப்படுகின்றன. தோற்றத்தில் இவை இருக்கையை ஒத்திருப்பினும் ஊர்தியை இருவர் செல்லத்தக்கதாக மாற்றுவதில்லை. அமெரிக்கத் தரநிலை ஏடிவிகளை இரு வகையாகப் பிரிக்கின்றது. முதல் வகை ஓட்டுநர் ஒருவருக்கு மட்டுமே உரியது. இரண்டாம் வகையில் மட்டுமே, ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் அமர்வதற்கான இருக்கை உற்பத்தியின்போதே வடிவமைக்கப்படுகின்றது. முதல் வகை ஊர்தியின் தட்டில் சிறுவரை அமர்த்துவது, கால் வைக்கவும் கையால் பற்றவும் இடமில்லாத உயரமான, அசையும் சுமையை அச்சுக்குப் பின்னால் ஏற்றுவதற்கு ஒப்பாகும். ஊர்தி கவிழ்ந்தால் முதலில் அடியில் சிக்குபவரும் அவரே.

சட்ட விதிகள்

அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம், அதுவரை தன்விருப்பமாகப் பின்பற்றப்பட்ட ஏடிவி தரநிலையைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2019இல் குவாட் ஊர்திகளுக்கான பாதுகாப்புத் தரநிலையை அறிவித்தது. 2021 அக்டோபர் 11 முதல் அங்கு விற்கப்படும் பொதுப் பயன்பாட்டுக் குவாட்கள், கவிழும்போது ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் சட்டத்தைக் கொண்டிருத்தல் வேண்டும். மேலும், பக்கவாட்டில் 28.81 பாகைக்கும், முன்பின்னாக 38.65 பாகைக்கும் குறைந்த சரிவில் கவிழாதிருத்தல் வேண்டும். பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் பின் தட்டின் அருகே நிறுவப்படுவதால், அவ்வூர்திகளுக்குக் கலன் வாங்குவோர் அதற்கான இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

ஈர்ப்பு மையம்
சமநிலை
திருப்புத்திறன்
இழுவண்டி