அக்கா கையில் தழும்பு இல்லை

எங்கள் பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். ஊரே பி.சி.ஜி. என்று சொல்லும்போது நாங்கள் மட்டும் 'பே-சே-ஜே' என்போம். கல்மெத், கெரேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயர் அதில் இருக்கிறது. மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைத்தார்கள். 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1891-ல் சைகோனில் பஸ்தேர் நிலையத்தைத் தொடங்கியவரும் இந்தக் கல்மெத்தான். சைகோனுக்குப் போய்வந்த பெரியவர்கள் நிறைந்த எங்கள் தெருவுக்கு அவர் ஏறக்குறைய சொந்தக்காரர்.

என் அக்காவைத் திருவள்ளூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். 1968-ல் அங்கே பி.சி.ஜி. பரிசோதனை தொடங்கியது. வீடு வீடாகப் பெயர் எழுதி, பெரியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டார்கள். 1971 வரையில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல். சிலருக்கு முழு அளவு மருந்து, சிலருக்குக் குறைந்த அளவு, சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது.

ஏன் இத்தனை பாடு? இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தத் தடுப்பூசி நன்றாகப் பலன் தந்தது. அமெரிக்கத் தென்பகுதியில் பலன் மிகக் குறைவு. நம் நாட்டுக்கு எது பொருந்தும்? ஏற்கெனவே 1955-ல் ராஜாஜி இந்த ஊசியை எதிர்த்துப் புத்தகமே போட்டிருந்தார். நம் மண்ணில் சோதிக்காமல் பதில் கிடைக்காது.

குமாஸ்தாவாக இருந்த எனக்கு மலைப்பு தருவது ஊசி போட்டதல்ல, அதற்குப் பின் வந்த 15 வருஷம். இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப் பிடித்து மறுபடி எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. ஒரே கிராமத்தின் பதிவேட்டில் ஏழு முருகேசன் பார்த்தவன் நான். பெண்கள் கல்யாணமாகி வேறு ஊர் போவார்கள், ஆண்கள் பிழைப்புக்குப் பட்டணம் போவார்கள். அறுவடை சமயத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? ஆளைத் தவறவிட்டால் கணக்கே பொய். பணக்கார நாட்டில் இதற்கெல்லாம் நம்பரும் அட்டையும் உண்டு. இங்கே நடந்து போய்த்தான் கேட்க வேண்டும்.

ஏழரை வருஷக் கணக்கு வெளியானபோது உலகமே அதிர்ந்தது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நுரையீரல் காசநோயில் வித்தியாசமில்லை. 15 வருஷ முடிவு 1999-ல் வந்தது. பெரியவர்களுக்குப் பலனில்லை, குழந்தைகளுக்குக் கொஞ்சம். நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள வேறு கிருமிகள் முன்பே உடம்பில் பழகிவிடுவதால் இருக்கலாம் என்று ஒரு விளக்கம். ராஜாஜி ஜெயித்துவிட்டார் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பச்சைக்குழந்தைகளைக் காப்பதற்காக இன்றும் அதே ஊசியைப் போடுகிறோம்.

அக்கா கையில் தழும்பு இல்லை. மாமா கையில் காசு அளவுக்கு இருந்தது. தனக்குப் போட்டது வெறும் தண்ணி என்று அவளுக்கு வெகுநாள் மனக்குறை. முடிவைப் படித்துச் சொன்னபோது சிரித்தாள்.

"அப்போ உங்க மாமாவுக்கும் எனக்கும் ஒண்ணுதானாடா? அந்த மனுஷன் முப்பது வருஷமா தழும்பைக் காட்டிப் பெருமை பேசினாரே!"