விடைபெறும் சொல்லில் தங்கிய "ஹத்தா"



ஸ்பானிய மொழி பேசுபவர்கள் நண்பரைப் பிரியும்போது பெரும்பாலும் "அஸ்தா லுவேகோ" என்பார்கள். "பிறகு சந்திக்கும் வரை" என்று அர்த்தம். மறுநாள் சந்திப்பதாக இருந்தால் "அஸ்தா மன்யானா", அதாவது "நாளை வரை". "அதியோஸ்" என்றும் ஒரு சொல் இருக்கிறது. "இறைவனிடம்" என்பதே அதன் மூலப்பொருள். ஆனால் நீண்ட பிரிவின் கனம் அதில் இருப்பதால், நாளாந்தப் பேச்சில் "அஸ்தா"தான் சிநேகமானது.

"வரை" எனும் பொருள் தரும் இந்த "அஸ்தா" நமக்குப் புதியதல்ல. ஸூரத்துல் கத்ரின் கடைசி ஆயத்தில் நாம் ஓதும் "ஹத்தா"தான் அது. எழுதும்போது இன்றும் முன்னால் "ஹ" ஒலிக்கான எழுத்து நிற்கிறது. வாயில் மட்டும் அது ஒலிப்பதில்லை.

711இல் தாரிக் இப்னு ஸியாத் அவர்களின் படை அங்கு இறங்கியது. அதன்பின் பல நூற்றாண்டுகள் அந்தலூஸின் சந்தைகளிலும் வயல்களிலும் அரபு பேசப்பட்டது. சீனிக்கு "அஸூகார்", எண்ணெய்க்கு "அசெய்தே" என்று அரபுப் பெயர்கள் ஸ்பானியத்தில் நிலைத்தன. பொருள் வந்தால் அதன் பெயரும் கூடவே வரும், அதில் வியப்பில்லை. "வரை" போன்ற ஓர் இடைச்சொல் அப்படி வருவதில்லை. அயலவர்களாக வாழ்ந்து, தினமும் பேசிப் பழகினால்தான் அது அடுத்த மொழிக்குள் போகும்.

1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனடா கையளிக்கப்பட்டது. முஸ்லிம்களின் மார்க்கம் பாதுகாக்கப்படும் என்று உடன்படிக்கையில் எழுதினார்கள். சில வருடங்களிலேயே அதை மீறிக் கட்டாய மதமாற்றம் தொடங்கியது. 1567இல் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை அரபில் பேசுவதையும் எழுதுவதையும் தடை செய்தது. ஸ்பானியத்தைக் கற்றுக்கொள்ள மூன்று வருட அவகாசமே கொடுக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை, மொரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட அந்த மக்களில் சுமார் 3 இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் வட ஆபிரிக்கக் கரைகளில் இறக்கப்பட்டார்கள்.

ஆனால் அவர்களை வெளியேற்றியவர்களின் பேச்சிலேயே "ஹத்தா" இருந்தது.  அந்தளவுக்கு அது அவர்களின் சொந்தச் சொல்லாகியிருந்தது. "அல்லாஹ் நாடினால்" என்ற அரபு வாசகமும் "ஒஹலா" என்றாகி, "அப்படி நடக்கட்டுமே" என்ற ஏக்கமாக இன்றும் பேசப்படுகிறது.

நாமும் வாசலில் நின்று "போறம்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வாறம்" என்கிறோம். மீண்டும் சந்திக்கும் எண்ணத்தோடு பிரிவது எல்லா மனிதருக்கும் பொதுவான பண்பு. அதற்கான ஒரு சொல்லை ஸ்பானியருக்குக் கொடுத்தவர்கள், திரும்பி வர முடியாமல் அனுப்பப்பட்டார்கள். இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்.