நடுகல் பெற்ற விலங்குகளும் செய்ந்நன்றி அறமும்

தமிழரின் உயிரறம் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் நூற்சான்றுகளையே நாடுவர். திருக்குறளின் கொல்லாமை அதிகாரம், மணிமேகலையின் ஆபுத்திரன் வரலாறு, கன்றை இழந்த ஆவிற்கு முறை செய்த சோழன் கதை ஆகியன அவர்தம் கட்டுரைகளில் தவறாது இடம்பெறும். விலங்கிற்கெனக் கல் நட்டுப் பெயர் பொறித்த எளிய மக்களின் சான்றுகள் அவ்வளவாக எடுத்தாளப்படவில்லை. நூலையும் கல்லையும் ஒருங்குவைத்து நோக்கினால், இல்லறத்தான் விலங்கிற்குப் பட்டுள்ள கடன் யாது என்னும் வினாவிற்குத் தெளிவான விடை கிடைக்கும். அவ்விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் திருக்குறளின் வைப்புமுறையை நோக்குவோம். அருளுடைமை (25), புலால் மறுத்தல் (26), இன்னா செய்யாமை (32), கொல்லாமை (33) ஆகிய நான்கு அதிகாரங்களும் துறவறவியலில் அமைந்துள்ளன. இதுகொண்டு உயிர்க்கு இரங்குதல் துறவிக்கே உரியது, இல்லறத்தானுக்கு அக்கடன் இல்லை என்று சிலர் முடிவு செய்யக்கூடும். அம்முடிபு பொருந்தாது. கள்ளாமையும் வாய்மையும் அதே இயலில்தான் உள்ளன. இல்லறத்தான் களவு செய்யலாம், பொய் பேசலாம் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. எனினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. ஏரும் எருதுமாக வாழ்பவன், ஆநிரை மேய்ப்பவன், நாயைக் காவலுக்கு வைப்பவன் ஆகியோர் விலங்கின் உழைப்பின்றி ஒருநாளும் வாழ இயலாதவர். பற்றற்றவனின் பொதுவான இரக்கம் மட்டும் இவர்க்குப் போதிய வழிகாட்டி ஆகாது. தமக்கு உழைத்த உயிரிடம் இவர் எவ்வாறு நடத்தல் வேண்டும்? வள்ளுவர் இல்லறவியலில் வைத்த அதிகாரங்களுள் ஒன்றில் இதற்கு விடை உண்டு. அது செய்ந்நன்றியறிதல் (11) ஆகும். அவ்வதிகாரம் மக்களிடையே உள்ள உறவையே நேர்முகமாகப் பேசுகிறது என்பது உண்மை. ஆனால், தமிழ்மக்கள் அவ்வறத்தை விலங்கிற்கும் விரித்தனர் என்பதற்குச் சான்றுகள் உள.

மணிமேகலையில் ஆபுத்திரன் கூறும் வாதம் அவற்றுள் ஒன்று. வேள்விச்சாலையில் கட்டப்பட்டிருந்த பசுவை அவன் இரவில் கவர்ந்து செல்கின்றான், பிடிபடுகின்றான். தன் செயலுக்கு அவன் காட்டும் காரணம் ஆழ்ந்து நோக்கற்குரியது. சாத்தனார் பௌத்த சமயத்தவர். பிறவிச் சுழற்சியைக் காட்டியோ வினைப்பயனைக் காட்டியோ அவர் அவனை வாதாடச் செய்திருக்கலாம். அவன் முதலில் எடுத்துரைப்பதோ வேறு. யார்க்கும் தடையில்லாத நிலத்தில் விளைந்த புல்லைத் தின்று, மக்கள் பிறந்த நாள்தொட்டு அவர்க்குப் பால் ஊட்டும் உயிரோடு நும் பகை யாது என்பதே அவன் வினா. ஈண்டு அருள் செய்வது பசு, பெறுபவர் மக்கள். அருளுக்கு உரியவன் மனிதன், அதைப் பெறுவது விலங்கு என்னும் வழக்கமான எண்ணத்தைச் சாத்தனார் தலைகீழாக்கிவிட்டார். அருளைப் பெற்றவனுக்கு எஞ்சி நிற்பது நன்றிக்கடனே.

சிலப்பதிகாரம் சுட்டுவதும் பெரியபுராணம் விரிப்பதுமாகிய சோழன் கதை வேறு வகையானது. அங்கே அறத்தின் அடிப்படை முறை. கன்றை இழந்த பசு, அரசன் வாயிலில் முறையீட்டாளராக நிற்கின்றது. குடிமகனுக்குச் செய்யும் நீதியை அரசன் அதற்கும் செய்கின்றான். எனவே துறவிக்கு அருள், அரசனுக்கு முறை, இல்லறத்தானுக்கு நன்றி என மூவகை அடிப்படைகளை நம் இலக்கியங்களிலிருந்து வகுத்துக்கொள்ளலாம். இம்மூன்றனுள் மூன்றாவதற்கே கற்சான்று மிகுதியும் துணைநிற்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது, கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியது. பொற்றொக்கையார் என்பாரின் இளமகன் கருந்தேவகத்தி எருமைகளைக் காத்துப் பட்ட செய்தியை அது கூறுகின்றது. வீரன் உருவோடு நாயின் உருவமும் அக்கல்லில் உள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் காத்திருந்தமை தனியே பொறிக்கப்பட்டுள்ளது. இதன் சொல்லமைப்பு கருதத்தக்கது. வீரனைப் பற்றிக் கூறுமிடத்துப் ‘பட்டான்’ என்னும் வினை வருகின்றது. நாயைப் பற்றிய தொடரில் இறப்பைக் குறிக்கும் வினை இல்லை. நடுகல் என்பது பட்டவர்க்கு நடுவது. அவ்வாறிருக்க, இறந்ததாகக் கூறப்படாத நாய்க்கும் அக்கல்லில் இடம் அளித்தனர். அது செய்த செயலே அதற்குரிய தகுதி ஆயிற்று. நாயின் பெயரைப் பொறித்த அம்மக்கள் அதனை உடைமையாக எண்ணவில்லை. காவலில் வீரனுக்குத் துணைநின்ற ஒன்றாக எண்ணினர்.

இம்மரபு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. கருநாடகத்து மாண்டியா மாவட்டத்தின் ஆதகூர்க் கல்வெட்டு, தக்கோலப் போரை ஒட்டி கி.பி. 949-50ஆம் ஆண்டளவில் எழுந்தது. போரில் புகழ்பெற்ற மணலேரன் தன் தலைவனிடம் பரிசிலாக வேண்டியது காளி என்னும் வேட்டைநாய். அந்நாய் காட்டுப்பன்றியோடு பொருது, அதனுடன் தானும் மடிந்தது. கோயில் முன்னர்க் கல் நட்டு, நிலமும் விட்டு, அக்கல்லை வழிபட்ட பின்னரே உண்ணவேண்டும் என நிலத்தைக் காப்பவர்க்கு விதியும் செய்தனர். நன்றியறிதல் ஒருநாள் நிகழ்ச்சியாக முடியாமல் நாள்தோறும் செய்யும் கடனாக ஆக்கப்பட்டமை காண்க.

எனினும் எல்லாக் கல்லும் ஒருதன்மையன அல்ல. இந்தளூரிலும் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும் சேவற்கோழிகளுக்குக் கல் நடப்பட்டுள்ளது. இந்தளூர்க் கல், கீழ்ச்சேரிக் கோழியின் பெயர் பொற்கொற்றி என்கின்றது. பெயர் உண்டு, பெருமை உண்டு. ஆயின் அக்கோழி எதனைக் காத்தது? சேரிக்கும் சேரிக்கும் இடையே நிகழ்ந்த போட்டியில் மக்களின் மகிழ்ச்சிக்காகப் பொருதது. சேலம் மாவட்டத்துக் கருவந்துறைக் கல்லோ எருது விளையாடிப் பட்ட சங்கனுக்கு அவன் மகன் எடுத்தது. அக்கல்லில் எருதின் உருவம் உண்டு. எருதின் பெயர் இல்லை. விலங்கு பெற்ற சிறப்பு வேறு, விலங்கிற்குச் செய்த நன்மை வேறு என்பதை இவ்விரு கற்களும் உணர்த்துகின்றன. சிறப்புச் செய்தமையைக் கொண்டே நம் முன்னோர் விலங்கினிடம் முற்றும் பரிவுடையராய் இருந்தனர் என நிறுவ முயலுதல் ஆராய்ச்சி நெறி ஆகாது.

இவ்வேறுபாடு இன்று பெரிதும் வேண்டப்படுவதாகும். சல்லிக்கட்டை உச்சநீதிமன்றம் 2014 மே 7ஆம் நாள் தடைசெய்தது. 2017இல் தமிழகச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு 2023 மே 18ஆம் நாள் அச்சட்டத்தை ஏற்றது. இவ்வழக்கு நடந்த காலம் முழுதும் பண்பாடு என்னும் சொல் மிகுதியாக வழங்கிற்று. ஏறுதழுவல் தொன்மையானது என்பதில் ஐயமில்லை. முல்லைக்கலியே போதிய சான்று. தொன்மை ஒரு வழக்கத்தின் அகவையைக் கூறும். அதன் அறத்தைக் கூறாது. மரபைச் சான்றாகக் காட்டுவோர் மரபு விதிக்கும் கடனையும் உடன் ஏற்றல் வேண்டும். களத்தில் காளையைப் புகழ்பவன், களத்திற்கு வெளியே அதற்குத் தீனியும் நீரும் நிழலும் தருதல் வேண்டும். வாடிவாசலில் அதனைத் துன்புறுத்தாதிருத்தல் வேண்டும். அது முதுமையுற்றபோது விற்றுவிடாது பேணுதல் வேண்டும். இவை சட்டம் கருதிச் செய்வன அல்ல. நன்றி கருதிச் செய்வன.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. ஐயறிவுடைய விலங்கோடு, பகுத்தறிவைப் பயன்கொள்ளாத மக்களையும் அவ்வாசிரியர் ஒருங்கே வைத்தார். ஆறாவது அறிவு பிறப்பால் மட்டும் அமைந்துவிடுவதன்று. ஒழுக்கத்தால் மெய்ப்பிக்கப்பட வேண்டியது என்பது அதனாற் பெறப்படும். பெற்ற உதவியை நினைவில் வைத்து, அதற்குப் பெயரிட்டு, தலைமுறைகள் அறியக் கல்லில் எழுதுதல் அவ்வறிவின் செயல்களுள் ஒன்று. எடுத்தனூர் மக்கள் ஒரு நாய்க்கு அதனைச் செய்தனர். அக்கல்லைப் படியெடுத்துப் பதிப்பித்துப் பாராட்டும் நாம், நம் வயலிலும் தொழுவத்திலும் தெருவிலும் நமக்கென உழைக்கும் உயிர்களை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே அக்கல் நம்மிடம் எழுப்பும் வினா.